அறிந்தவர் முன் அறிஞர்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்திற் பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டபோது, பொருளை நாமே தெரிவு செய்யலாம் என்றார். சமயப் பொருளொன்றைப் பேசும் தகுதி எமக்கு இல்லை. அதற்குரிய பெரியோர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். பல்கலைக்கழகத்தில் வாய்க்காலும் அணையும் பற்றிய கணக்குகளைப் படித்துக்கொண்டிருக்கும் நாம், எம்மைச் சில காலமாக உறுத்திவரும் ஒரு கேள்வியையே இங்கே எடுத்துவைக்க விரும்புகின்றோம்.

கேள்வி இதுதான். ஒரு துறையிற் கற்றுத் தேர்ந்தவர், அத்துறையைப் பற்றித் தாமும் ஓரளவு அறிந்தவர்கள் முன்னிலையில் எவ்வாறு தம் மதிப்பைக் காத்துக்கொள்வது?

ஒன்றுமறியாதவர் முன் அறிஞராக இருப்பது எளிது. ஆனால், இன்று வைத்தியரிடம் செல்லும் நோயாளி, தம் நோயின் பெயரையும் அதற்குரிய மருந்தின் பெயரையும் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டே செல்கிறார். சட்டத்தரணியிடம் செல்பவர் சட்டத்தின் பிரிவு இலக்கத்தைச் சொல்லுகிறார். ஆசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையிற் செய்து முடிக்குமுன்னரே, இது வேறொரு வழியிலும் வருமே சேர் என்று மாணவன் எழுந்து நிற்கிறான். இவையெல்லாம் நல்ல காலத்தின் அறிகுறிகளா, கெட்ட காலத்தின் அறிகுறிகளா என்று கேட்டால், மூத்தோர் ஒரு விடையும் இளையோர் வேறு விடையும் கூறுவர். இரு சாராருக்கும் பொதுவான ஒரு விடையை நாம் தேடிப் பார்ப்போம்.

முன்னாளில் அறிஞர் தம் மதிப்பைக் காத்த வழிகளுள் முதலாவது மறைத்தல். நம் நாட்டு வைத்திய ஏடுகளிற் பரிபாஷை என்று ஒன்றுண்டு. ஒரு மூலிகைக்கு ஏட்டில் ஒரு பெயரும் வழக்கில் வேறொரு பெயரும் இருக்கும். குருவிடம் கேட்டவனுக்கே பொருள் விளங்கும். இதனை நாம் குறையாகச் சொல்ல வரவில்லை. நஞ்சும் மருந்தும் அருகருகே கிடக்கும் துறையில், பக்குவமில்லாதவன் கையில் ஏடு அகப்பட்டால் உயிருக்கே கேடு வரும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். இரண்டாவது வழி, வேற்று மொழி. அப்புக்காத்து, பிரக்கிராசியார் என்றெல்லாம் நாம் அழைத்துவந்த சட்ட அறிஞர்கள் வழக்கை ஆங்கிலத்திற் பேசி முடிப்பர். வழக்காளியோ தன் காணியைப் பற்றி என்ன பேசப்பட்டது என்பதை வெளியே வந்து ஓடலியிடம் கேட்டறிவான். மூன்றாவது வழி, கதிரையும் கந்தோரும். மேசைக்கு அப்பால் இருப்பவர் இருந்தபடி பேச, இப்பால் இருப்பவர் நின்றபடி கேட்பார். நிற்பவனுக்குக் கேள்வி வருவது அரிது.

இம்மூன்று வழிகளும் இன்று பழுதடைந்துவிட்டன. 1945 ஆம் ஆண்டிற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கமக்காரன் பிள்ளையும் மீனவன் பிள்ளையும் பல்கலைக்கழக வாசலை மிதித்தனர். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரச கந்தோரிலுள்ள கோவையைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சாதாரண குடிமகனுக்கு அளித்தது. கைத்தொலைபேசியோ உலகத்து நூலகங்களை மடிக்குள் கொண்டுவந்துவிட்டது. மறைத்து வைத்திருந்த பெட்டிகள் திறந்துவிட்டன. பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்த அறிஞர் இனி எங்கே இருப்பது?

இதற்கு விடை காணுமுன், எமக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தை உங்கள் முன் சொல்லியே ஆகவேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடித்து விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தோம். எமது தாய்மாமன் நாற்பது வருடமாக வெள்ளாண்மை செய்பவர். சிறுபோகத்தில் தம் கண்டத்துக்கு நீர் வந்து சேர நாட்கள் கூடுகின்றன என்று அவர் குறைப்பட்டார். புதிதாகக் கற்றவனுக்குக் கை துறுதுறுக்கும் அல்லவா? நாம் ஒரு கடதாசியை எடுத்தோம். வாய்க்காலின் அகலம், ஆழம், சரிவு எல்லாவற்றையும் கேட்டுக் குறித்தோம். மனிங் என்னும் ஐரிஷ் பொறியியலாளர் 1889 ஆம் ஆண்டில் முன்வைத்த சூத்திரத்தை வைத்துப் பெருக்கி, வகுத்து, இத்தனை மணி நேரத்தில் உங்கள் வயல் நிறைந்துவிட வேண்டும் மாமா, யாரோ இடையில் நீரைத் திருப்புகிறார்கள் என்று தீர்ப்பும் கூறிவிட்டோம்.

மாமா கடதாசியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மருமகன், உங்கட கடதாசி வாய்க்காலுக்குள்ள சேறு கிடையாது. எங்கட வாய்க்காலுக்குள்ள மூணு வருசச் சேறும் புல்லும் கிடக்கு. அதை எந்த இடத்தில போட்டுப் பெருக்கினீங்க?"

எமக்கு முகம் சிவந்துவிட்டது. ஏனெனில், அச்சூத்திரத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. வாய்க்காலின் கரடுத்தன்மையைக் குறிக்க ஓர் எண் போட வேண்டும். துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.025 அளவில் போடுவார்கள். புல்லும் செடியும் அடர்ந்துவிட்டால் அது 0.05 வரையும், அதற்கு மேலும் போகலாம். அந்த எண் இருமடங்கானால், அதே ஆழத்திற் செல்லும் நீர் சரிபாதியாகிவிடும். நாம் வாய்க்காலைப் போய்ப் பார்க்காமல், பாடப்புத்தகத்திலிருந்த துப்புரவான எண்ணைப் போட்டோம். அதனால் வந்த பிழைக்கு, அயல் வயற்காரர் ஒருவரைத் திருடர் என்றும் சொல்லிவிட்டோம்.

அன்று நாம் கற்ற பாடம், சூத்திரம் பொய் என்பதன்று. மனிங்கின் சூத்திரம் இன்றும் உலகெங்கும் வழங்கும் நல்ல சூத்திரம். கமக்காரனுடைய அறிவு நுழைவதற்கு அதிலேயே ஒரு வாசல் திறந்திருந்தது. அந்த வாசலில் அவரை நிறுத்திக் கேட்காமல், நாமே உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டோம். எம் மதிப்பு மாமாவிடம் குறைந்தது அவர் அறிந்தவராக இருந்தமையால் அன்று. அவர் அறிந்ததை நாம் கேட்காதமையால்.

இதே பாடத்தை நம் மாவட்டம் பெரிய அளவில் ஒருமுறை கற்றிருக்கிறது. அந்த வரலாறு இளைஞர் பலருக்குத் தெரியாது. ஆகவே சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகின்றோம்.

1949 ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்கக் கம்பனி ஒன்று அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் என்னும் அந்த நீர்த்தேக்கம் 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடியது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடியாகும். அத்திட்டத்தோடு வந்த குடியேற்றமும், 1956 ஆம் ஆண்டுக் கலவரமும் மூத்தோர் நெஞ்சில் ஆறாத வடுக்கள். அவற்றைப் பேச வேறு மேடை உண்டு. இங்கே நாம் எடுத்துக்கொள்வது நீரைப் பங்கிட்ட கதையை மாத்திரம்.

அணை கட்டி முப்பது ஆண்டுகளுக்குள் இடதுகரை வாய்க்கால்கள் சீர்கெட்டன. கதவுகள் உடைந்தன, கரைகள் கரைந்தன. தலைப்பில் இருந்தவர் வேண்டிய நீரைத் திறந்துகொள்ள, கடைசியில் இருந்தவர் வானத்தைப் பார்த்திருந்தனர். தலைப்பில் இருந்தவர் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைசியில் இருந்தவர்களுட் பலர் தமிழ் பேசுவோர். முன்னர் வாய்க்காலைக் காத்து நீரைப் பங்கிட்ட வட்டவிதானை முறையை 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நீக்கியிருந்தது. பெயர் மட்டும் நம் ஊர்களில் இன்றும் வழங்குகிறது. கமக்காரர்கள் கதவை உடைக்கும் ஒழுங்கற்றவர்கள் என்று பொறியியலாளர் சொல்லினர். சொன்ன நாளில் நீர் விடாதவர்கள் என்று பொறியியலாளரைக் கமக்காரர் சொல்லினர். ஒருவரை ஒருவர் நம்பாமையே அங்கே விளைந்த பெரும்போகம்.

1980 ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க உதவியுடன் இடதுகரையைத் திருத்தும் வேலை தொடங்கியது. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கூடி ஒரு புதிய முயற்சியைச் செய்தன. 1981 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், முப்பதுக்குச் சற்று மேற்பட்ட இளம் பட்டதாரிகளைப் பயிற்றி, அமைப்பாளர்கள் என்னும் பெயரில் வயற்கிராமங்களிற் குடியிருக்க அனுப்பினர். இளைஞர்களே, இதனைக் கவனியுங்கள். அவர்கள் உங்களையும் எம்மையும் போன்றவர்கள். பட்டம் பெற்று வேலையின்றி இருந்தவர்கள். வயலுக்குப் போய்ப் போதிக்குமாறு அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு வயல்வாய்க்காலிலும் நீர் பெறுவோரைச் சந்தித்துக் கேட்கவும், அவர்களைக் கூட்டிப் பேச வைக்கவும், அவர்களே தம்முள் ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்ய உதவவுமே சொல்லப்பட்டது.

அவ்வாண்டு நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழக் காற்பங்கு நீரே இருந்தது. சண்டைக்கு அதைவிட நல்ல சமயம் வேண்டுமா? ஆயினும், சில வாரங்களுக்குள் தலைப்பிலிருந்த கமக்காரர் பல இடங்களில் ஒன்றுகூடி வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழே அனுப்பினர். கீழே இருந்தவர்களுள் மாற்று மொழி பேசுவோரும் இருந்தனர் என்பதை அறிந்தே அனுப்பினர். இம்முயற்சியை நெருங்கியிருந்து பார்த்த கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் 1992 ஆம் ஆண்டில் இதனைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

பொறியியலாளர்களுக்கு என்ன நேர்ந்தது? முதலிற் பலருக்கு ஐயம். கமக்காரனுக்கு வாய்க்கால் வரைபடம் விளங்குமா என்று கேட்டனர். பின்னர் திருத்த வேலைக்குத் திட்டம் வரைய வேண்டிய வேளையில், வாய்க்கால் வழியே கமக்காரரோடு கூட நடந்தனர். எந்த வளைவிற் கரை உடைகிறது, எந்தத் துரிசு தாழ்ந்து கிடக்கிறது, எந்த மேட்டுவயலுக்கு நீர் ஏறாது என்பனவெல்லாம் நடந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தன. அவற்றை வரைபடத்தில் ஏற்றும் வித்தை பொறியியலாளருக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் கூடியபோது வேலை நடந்தது. 1988 ஆம் ஆண்டில் அரசாங்கம், பயன்பெறுவோரும் சேர்ந்து நீரை நிருவகிப்பதையே நாட்டின் கொள்கையாக ஏற்றது. இன்று கமக்காரர் அமைப்புகள் சட்டத்தால் ஏற்கப்பட்டவை.

இக்கதையின் உச்சம் 1997 ஆம் ஆண்டிற் சிறுபோகத்தில் நிகழ்ந்தது. அது யுத்த காலம் என்பதை நாம் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நீர்த்தேக்கத்தில் இருக்கும் நீர் அச்சிறுபோகத்தில் நெல் செய்யப் போதாது என்று பொறியியலாளர் கணக்கிட்டுக் கூறினர். கமக்காரர் அமைப்புகள் அதனை ஏற்று வீட்டுக்குப் போகவுமில்லை, கல்லெறியவுமில்லை. இருப்பதைச் சமமாகப் பங்கிட்டுச் செய்து காட்டுகிறோம் என்று வாதாடி நீரைப் பெற்றனர். மேலே சிங்களவரும் கீழே தமிழரும் ஒரே முறையில் நீரைப் பகிர்ந்தனர். 65,000 ஏக்கரில் வழமைக்கு மேற்பட்ட விளைச்சல் கிடைத்ததென்று அப்ஹொவும், நம் நாட்டு ஆய்வாளர் விஜயரத்னவும் பின்னர் எழுதினர்.

பொறியியலாளரின் கணக்குப் பிழையா என்று நீங்கள் கேட்கலாம். எமது எண்ணத்திற் கூட்டலும் கழித்தலும் பிழையல்ல. வழமையாக எவ்வளவு நீர் செலவாகிறதோ, அந்த அளவை வைத்து அவர்கள் கணக்கிட்டிருக்கலாம். ஆனால், நாங்கள் இம்முறை எவ்வளவு சிக்கனமாக இருப்போம் என்ற எண், கமக்காரரின் கையிலேயே இருந்தது. அதை எந்தப் பொறியியலாளரும் கந்தோரிலிருந்து அறிந்திருக்க முடியாது. எமது மாமாவின் சேற்றைப் போல, அதுவும் கணக்கில் வெறுமையாக விடப்பட்ட ஓர் இடம். அந்த இடத்தை நிரப்பும் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தபோது விடையே மாறியது.

அப்படியாயின், எல்லாவற்றையும் கமக்காரரே தீர்மானிக்கட்டும், பொறியியலாளர் எதற்கு என்று இளைஞர் சிலர் துள்ளி எழலாம். அதுவும் பிழை. 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் திகதி கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் ஒரே இரவில் மாண்டன. அணையின் உறுதி, வான்கதவு திறக்கும் நேரம் என்பன கையுயர்த்தி வாக்கெடுத்துத் தீர்மானிக்கும் காரியங்கள் அல்ல. நள்ளிரவில் நீர்மட்டம் ஏறும்போது, கதவைத் திறக்கவா வேண்டாமா என்ற பொறுப்பை ஒருவர் தலைமேற் சுமக்கவேண்டும். திறந்தால் கீழ்வயல் மூழ்கும்; திறக்காவிட்டால் ஊரே போய்விடலாம். அவ்வேளையில் அவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட வேண்டும். ஆனால், அவ்விரவில் ஊர் அவரை நம்புமா என்பது, அதற்கு முந்திய பத்து வருடமும் பகலில் அவர் ஊரோடு எப்படிப் பேசினார் என்பதிலேயே தங்கியிருக்கிறது. வரம்பில் நின்று காரணம் சொல்லிப் பழகியவரின் கட்டளைக்கு, காரணம் சொல்ல நேரமில்லாத வேளையிலும் மரியாதை கிடைக்கும். ஒருபோதும் காரணம் சொல்லாதவர் அன்றும் சந்தேகிக்கப்படுவார்.

வாய்க்காலைப் பற்றிச் சொன்னதே வைத்தியத்துக்கும் பொருந்தும். திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் கூறுகள் நான்கினை எண்ணுகிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பராமரிப்பவர் என்ற அந்நான்கனுள் நோயாளியையே அவர் முதலில் வைத்தார். வைத்தியர் எந்த நூலைக் கற்றிருந்தாலும், எங்கே வலிக்கிறது, எப்பொழுது தொடங்கியது என்று நோயாளியைக் கேட்டே தொடங்க வேண்டும். அந்த அறிவு உலகில் ஒரேயொருவரிடமே இருக்கிறது.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். அங்கே ஆசிரியர் வாயிலாகக் கேட்டறிந்த ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க முடியவில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் செய்துகொண்டே, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே போதித்தார். ஏறத்தாழ 4,000 பக்க அளவிலான மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறக்கவில்லை. அதில் நம் பெரியோருக்கு இருந்த மாறுபாடு நியாயமானதே. ஆயினும், தம் அறிவை வேற்று மொழிக்குள் ஒளித்துவைத்து அதன்மேல் உட்கார அவர் விரும்பவில்லை. அறிவைக் கொடுத்துவிட்டமையால் அவர் மதிப்புக் குறைந்ததா? 1884 ஆம் ஆண்டில் மறைந்த அவரைத் தமிழ் மருத்துவ வரலாறு எழுதுவோர் எவரும் இன்றும் விட்டுவிட்டுச் செல்வதில்லை.

மதிப்பைக் கொடுத்துப் பெற்ற மற்றொருவரை நாம் தூரத்திற் தேட வேண்டியதில்லை. காரைதீவில் 1892 ஆம் ஆண்டிற் பிறந்து, கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்று, விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றுத் துறவு பூண்ட விபுலாநந்த அடிகளார், 1936 ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்துக்குத் தமிழிற் சொல் தேடுவது அறிஞர்களின் பொழுதுபோக்கன்று. ஒரு கலைச்சொல் தமிழில் அமையும்போது, அதுவரை வாசலில் நின்ற ஒருவன் உள்ளே வந்து கேள்வி கேட்கும் உரிமையைப் பெறுகிறான். அடிகளார் திறந்துவிட்ட கதவால் உள்ளே வந்தவர்கள் நாம். வந்தபின் கதவைச் சாத்துவது நமக்குத் தகுமா?

இதுவரை அறிஞரின் கடமையைச் சொன்னோம். மறுபக்கத்தாரின் கடமையையும் சொல்லாவிடில் எமது பேச்சு ஒருகால் நொண்டும். அறிந்தவர் எல்லாரும் முழுதறிந்தவர் அல்லர். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், இபுபுரொபன் போன்ற மருந்துகளை எடுத்தால் இரத்தப்பெருக்கு ஏற்படும் அபாயம் கூடும். ஆனால், உடம்பு நோவுக்கு அதுவே நல்லதென்று கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்தியை நம்பி, அதனை வாங்கி விழுங்குவோரும் உண்டு. தடிமனுக்கு அன்டிபயோட்டிக் மருந்தைத் தந்தே தீரவேண்டும் என்று வைத்தியரிடம் சண்டைபிடிப்போரும் உண்டு. தடிமனை உண்டாக்கும் வைரசை அம்மருந்து தீண்டாது. அவ்வேளையில் வைத்தியருக்கு இரு சோதனைகள். சண்டைக்கு அஞ்சி மருந்தை எழுதிக்கொடுத்தால், அவர் கடைக்காரராகிவிடுவார். நீயா டாக்குத்தர், நானா என்று சீறினால், நோயாளி அடுத்த தெருவில் வேறொருவரிடம் அதே மருந்தை வாங்குவார். நோயாளி அறிந்திருப்பதை முதலிற் கேட்டு, அதில் எது சரி, எது பிழை என்று பிரித்துக்காட்டி, இந்த அடையாளம் கண்டால் மூன்றாம் நாள் திரும்பி வாருங்கள் என்று சொல்பவரே இரு சோதனையிலும் தேறுகிறார். திரும்பி வாருங்கள் என்ற அச்சொல்லில், நான் சொன்னது பிழைத்தால் அதற்கு நானே முகங்கொடுப்பேன் என்ற உறுதி அடங்கியிருக்கிறது.

இங்கேதான் கைத்தொலைபேசிக்கும் அறிஞருக்கும் உள்ள பேதம் விளங்குகிறது. தகவல் இரண்டிலும் கிடைக்கும். ஆனால், தொலைபேசியிற் படித்தது பிழைத்தால் யாரிடம் போய்க் கேட்பது? அறிஞருக்கோ முகமுண்டு, முகவரியுண்டு, பழியுண்டு. தம் சொல்லின் பயனைத் தாமே சுமக்க முன்வருவதுதான் அவருக்கு அதிகாரத்தைத் தருகிறது. அந்தச் சுமையை ஏற்பவரிடம் கேள்வி கேட்க நமக்கு உரிமையுண்டு. கேட்டபின் அவர் சொல்வதைச் செவிமடுக்கும் கடமையும் உண்டு.

ஆகவே, எமது விடையைச் சுருக்கிச் சொல்வோம். அறிந்தவர் முன் அறிஞர் மதிப்போடு நிற்பதற்கு மூன்று வேண்டும். தம் கணக்கிலே மற்றவருடைய அறிவுக்குரிய இடம் எது என்று கண்டு, அதனைக் கேட்டு நிரப்புதல் ஒன்று. கணக்கை அவருக்கு விளங்கும் மொழியிலே திறந்து காட்டுதல் இரண்டு. விடைக்குத் தாமே பொறுப்பேற்றல் மூன்று. இவற்றுள் முதலிரண்டையும் செய்து மூன்றாவதை விட்டவர் நல்ல கதைகாரர். மூன்றாவதை மட்டும் செய்து முதலிரண்டை விட்டவர் கொடுங்கோலர். மூன்றும் உடையவரிடம் ஊர் தானாகவே போகும்.

மூத்தோர்களே, உங்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம். நாங்கள் நாலு வருடம் படித்துவிட்டு வந்து, நீங்கள் நாற்பது வருடம் செய்ததைப் பிழை என்போம். அப்பொழுது கோபித்து எழுந்து போய்விடாதீர்கள். எமது மாமா செய்தது போல, கடதாசியை வாங்கிப் பார்த்து, ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நல்ல கேள்வி எங்களைத் திருத்துவது போல நூறு அதட்டல் திருத்தாது.

இளைஞர்களே, நம்முட் சிலர் வைத்தியராகவும், சிலர் சட்டத்தரணியாகவும், சிலர் ஆசிரியராகவும், சிலர் பொறியியலாளராகவும் இதே கல்முனைக்கும் பாண்டிருப்புக்கும் காரைதீவுக்கும் திரும்பி வரப்போகிறோம். மேசைக்கு அப்பால் நாம் இருக்க, இப்பால் வந்து நிற்கப்போகிறவர் நம் தெருவில் நமக்கு மிட்டாய் வாங்கித் தந்தவராக இருக்கலாம். மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வந்த முஸ்லிம் அண்ணனாகவோ, அம்பாறையிலிருந்து வந்த சிங்கள அம்மாவாகவோ இருக்கலாம். எவராயினும், முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லுவோம். இருந்தவருக்குக் கேள்வி வரும். அக்கேள்வியிலிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது.

அந்த விடுமுறை முடியுமுன் நாம் மாமாவோடு வாய்க்காலுக்குப் போனோம். அயல் வயற்காரரும் வந்தார். அவரைத் திருடர் என்று சொன்னதற்கு நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு மண்வெட்டி ஒன்றை எம் கையிற் தந்தார். மூவரும் மேலும் சிலரும் இரண்டு நாள் சேறு வாரினோம். மூன்றாம் நாள் நீர் வந்தது. எந்த நேரத்துக்கு வந்தது என்று நாம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். மாமா எட்டிப் பார்த்து, "இப்ப உங்கட கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்க மருமகன்" என்றார். போட்டோம். இம்முறை சரியாக வந்தது.